சாந்தமான பெரிய நாய்க்கு எந்த வீடு சரி: வயல் வாடியா, கெஸ்ட் ஹவுஸா, வயசான ஆக்கள்ட வீடா?

ரோசிக்கு அஞ்சு வயசு இரிக்கும் எண்டு டொக்டர் பல்லப் பாத்துச் சொன்னவர். மண்ணிறம், மூஞ்சியில லேசா நரை, பொட்டை, கருத்தடை ஒப்பரேசன் முடிஞ்சு காதில வெட்டு அடையாளமும் இரிக்கு, விசர்நாய்த் தடுப்பூசி போட்ட கார்டும் கையில இரிக்கு. நாம கைகுடுக்கிற ஷெல்ட்டர்ல அவள் எல்லாத்துக்கும் பிறகுதான் சாப்பிட வருவாள், பாண் துண்ட நீட்டினா பல்லு படாம உதட்டாலயே எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாப் போய்ப் படுத்துத் தின்னுவாள், பக்கத்தில வேற நாய் வந்து பாத்தா அதையும் விட்டிட்டு எழும்பிருவாள். இப்பிடிக் குணமான நாய்க்கு வீடு கிடைக்கிறது லேசு எண்டுதான் நிறையப் பேர் நினைக்கிறாங்க. நம்மட மட்டக்களப்புப் பக்கம் அப்பிடி இல்ல. வாற ஆக்கள் கேக்கிற முதல் கேள்வி "குட்டி இல்லையா?", ரெண்டாவது கேள்வி "நல்லாக் குரைக்குமா?". ரெண்டுக்கும் ரோசிட்ட பதில் இல்ல.

இப்ப அவளுக்கு எண்டு சில இடம் கைவசம் வந்திரிக்கு, சில இடம் ஆக்கள் சொல்லுற யோசனை மட்டும். எல்லாத்தையும் ஒண்டோட ஒண்டு வச்சுப் பாத்து எழுதுறன், ஏனெண்டா இதே யோசனை ஓடிக்கொண்டிருக்கிற ஆக்கள் கல்முனையிலயும் காரைதீவிலயும் செங்கலடியிலயும் இரிக்காங்க எண்டு தெரியும், அவங்களுக்கும் உதவட்டும்.

முதல்ல குட்டியா பெரிய நாயா எண்ட கதைய முடிச்சிருவம். குட்டி எடுத்தா அது எப்பிடி வளரும் எண்டு ஆருக்கும் தெரியாது, பார்வோ எண்ட வைரஸ் வருத்தம் வந்தா ரெண்டு மூண்டு நாளில கைவிட்டுப் போயிரும், செருப்பு கடிக்கும், ராவில அழும், பொட்டைக்குட்டி எண்டா வருசம் முடியக்குள்ள அதுவே குட்டி போட்டு நிக்கும். மறுகா அந்தக் குட்டியள மார்க்கெட்டுக்குப் பின்னால கொண்டுபோய் விடுறது. நம்மட ஷெல்ட்டருக்கு வாற முக்கால்வாசி நாயின்ட கதை அதுதான். பெரிய நாயில இந்தப் பாதிப் பிரச்சினை ஏற்கனவே முடிஞ்சிரும். குணம் கண்ணுக்கு முன்னால தெரியும், உடம்பு இனி எவ்வளவு வளரும் எண்ட கேள்வி இல்ல, ஒப்பரேசன் செலவு இல்ல. அஞ்சு வயசு எண்டா கவனிச்சுப் பாத்தா இன்னும் ஏழெட்டு வருசம் கூட இரிக்கும்.

ஆனா ஒண்டு, சாந்தமா இரிக்கிற நாய் எல்லாம் சாந்தமான நாய் இல்ல. இத வீடு தேட முந்தியே பாத்துக்கொள்ள வேணும், பிந்திப் பாத்தா குடுத்த ஆக்களுக்கும் கஷ்டம் நாய்க்கும் கஷ்டம். சில நாய் பயத்தில மரத்துப்போய்க் கிடக்கும், அத குணம் எண்டு நினைச்சுக் குடுத்தா புது வீட்டில ஒரு மாசத்தில பயம் தெளிஞ்சு உறுமத் தொடங்கும். சில நாய் வருத்தத்தில சோர்ந்து கிடக்கும். நம்மட பக்கம் உண்ணிக் காய்ச்சல் அப்பிடி. முரசு, அதாவது பல்லு ஈறு, வெளிறியிரிக்கா, சாப்பாடு குறைஞ்சிரிக்கா, சிறுநீர் கோப்பித் தண்ணி நிறத்தில போகுதா எண்டு பாக்க வேணும், அதில ஒண்டு இருந்தாலும் ரத்தம் செக் பண்ணாம ஆருக்கும் குடுக்கக் கூடாது. ரோசிய எல்லாம் பாத்தாச்சு. முரசு நல்ல றோஸ் நிறம், ஆள் பக்கத்தில இருந்தாலும் தின்னுறாள், காதுக்குள்ள விரல் விட்டு உண்ணி எடுத்தாலும் தலைய நம்மட முழங்காலில வச்சுக்கொண்டு இரிக்காள், தெரியாத ஆம்பிள ஆக்கள் வந்தாலும் வால் கீழ போகல. இது உண்மையான குணம்.

சரி, இனி இடங்களப் பாப்பம்.

முதல் கேட்டு வந்தது வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில வயல் வச்சிரிக்கிற ஒரு அண்ணன். நல்ல மனுசன், மாடும் இரிக்கு, வயல் காவலுக்குத் தங்குற குடிசை, வாடியும் இரிக்கு. "சும்மா கிடக்கட்டும் தங்கச்சி, சோறு நான் போடுவன்" எண்டார். அவர் சோறு போடுவார், அதில எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா வாடி நாயின்ட வேலை என்ன எண்டு யோசிச்சுப் பாக்க வேணும். ராவில பண்டி வரும், கரடியனாறு வவுணதீவுப் பக்கம் எல்லாம் யானையும் வரும், நாய் முன்னுக்குப் போய்க் குரைக்கோணும், அடிபடோணும், அதோட வேளாண்மை வெட்டினாப் பிறகு வாடியில ஆள் இரிக்காது. வளந்ததிலயிருந்து வயலில திரிஞ்ச நாய்க்கு அது சொர்க்கம், நான் இல்லையெண்டு சொல்லல. சாப்பாட்ட இன்னொரு நாய்க்கு விட்டுக்குடுத்திட்டு எழும்பிப் போற ரோசி அங்க மாட்டுப்பட்டி நாயளுக்கு நடுவில எலும்பும் தோலுமாப் போயிருவாள். அண்ணனுக்கு அதே ஷெல்ட்டர்ல இரிக்கிற ரெண்டு வயசுக் கடுவன் ஒண்டு நல்லாப் பொருந்தும் எண்டு சொன்னம், அவரும் வந்து பாக்கிறன் எண்டிரிக்கார்.

அடுத்தது ஆக்கள் அடிக்கடி சொல்லுற யோசனை. "கோயிலடியில விடுங்க, சனம் சோறு போடும்." இல்லாட்டி "சந்தியில விடுங்க, ஓட்டோக்காரத் தம்பிமார் பாத்துக்கொள்ளுவாங்க". இதில பாதி உண்மை இரிக்கு எண்டதாலதான் இது ஆபத்து. 2006 க்குப் பிறகு இலங்கையில தெருநாயப் பிடிச்சுக் கொல்லுறது நிப்பாட்டப்பட்டு, பிடிச்சு ஒப்பரேசன் செய்து ஊசி போட்டுத் திருப்பி விடுற முறை வந்தது, அது நல்ல முறை. ஆனா அதில திருப்பி விடுறது பிடிச்ச அதே இடத்தில, அந்த நாய்க்குத் தெரிஞ்ச ஒழுங்கையில. புது இடத்தில கொண்டுபோய் இறக்கினா அங்க ஏற்கனவே இரிக்கிற நாயள் விடாது, வேகமா வாற பஸ் எந்தப் பக்கத்தால வரும் எண்டும் அதுக்குத் தெரியாது. நம்மட மாமாங்கேஸ்வரர் கோயில்ல ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வாற சனத்தையும் வெடியையும் நினைச்சுப் பாருங்க. ரோசி மாதிரி நாய் அதில எங்க போய் ஒளியும்? இந்த வழிய நான் கணக்கிலயே எடுக்கல.

கெஸ்ட் ஹவுஸ் கதை கொஞ்சம் யோசிக்க வச்சது. பாசிக்குடாப் பக்கம் ஒண்டு, அறுகம்பைப் பக்கம் ஒண்டு எண்டு ரெண்டு இடத்தில கேட்டாங்க. ரெண்டுக்கும் ரோசின்ட குணம் நல்லாப் பிடிக்கும், வெள்ளைக்காரர் வந்தா தடவுவாங்க, படம் எடுப்பாங்க, கடிக்காத நாய் எண்டா ஹோட்டலுக்கும் நல்லது. இதில நாம பாக்க வேண்டியது ஒரே ஒரு விசயம், சீசன் முடிஞ்சாப் பிறகு அங்க ஆர் இரிக்காங்க? அறுகம்பையில ஒக்டோபர் தாண்டினா சர்ஃபிங் சனம் போயிரும், பாசிக்குடாவிலயும் மாரி மழை தொடங்கினாப் பிறகு கூட்டம் குறையும், சில இடத்தில ஒரு வோச்சர மட்டும் விட்டிட்டு முதலாளி கொழும்புக்குப் போயிருவார். ஆறு மாசம் ராசாத்தி மாதிரி, ஆறு மாசம் ஆரும் இல்ல. முதலாளிக் குடும்பம் அந்த வளவுக்குள்ளயே வருசம் முழுக்க இரிக்கிறாங்க எண்டா இது நல்ல வழி, நான் ரெண்டாவதா வைப்பன். கேட்ட ரெண்டு இடமும் அப்பிடி இல்ல. இன்னொண்டையும் சொல்லோணும், கடற்கரை நாய ரூரிஸ்ட் பழக்கிற பழக்கம் வேற, பிஸ்கட்டும் பொரிச்ச கோழி எலும்பும்தான் சாப்பாடு, சமைச்ச கோழி எலும்பு நொறுங்கிக் குடலக் கிழிக்கும் எண்டு ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கொண்டு திரிய ஏலாது.

வெளிநாட்டுக்கு அனுப்புற கதையும் வந்தது. ஒரு ஜெர்மன் சோடி போன சீசன்ல ஷெல்ட்டருக்கு வந்து ரோசிய விட்டு எழும்பவே இல்ல, "நாங்க கொண்டு போறம்" எண்டாங்க. சனம் உடன சந்தோசப்படும், நானும் பட்டன். ஆனா நடைமுறை என்ன எண்டா, ஐரோப்பாவுக்குப் போக முதல்ல மைக்ரோசிப் போடோணும், மறுகா விசர்நாய் ஊசி, ஊசி போட்டு 30 நாளாவது போனாப் பிறகு ரத்தம் எடுத்து அவங்க அங்கீகரிச்ச லாப்புக்கு அனுப்போணும், அதில விசர்நோய் எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 IU க்குக் குறையாம வரோணும், ரத்தம் எடுத்த நாளிலயிருந்து இன்னும் மூண்டு மாசம் இஞ்சயே நிக்கோணும். இங்கிலாந்தும் கிட்டத்தட்ட இதுதான். கனடா 2022 செப்டெம்பர் 28 இலிருந்து இலங்கை மாதிரி விசர்நோய் கூடின நாடுகள்ள இருந்து தத்தெடுக்க எண்டு நாய் கொண்டு வாறத நிப்பாட்டியே போட்டாங்க. ஆக எல்லாம் சேத்து நாலு மாசத்துக்கு மேல, காசு லட்சக்கணக்கில, அந்த நாலு மாசம் அவள ஆர் பாக்கிறது எண்ட கேள்வி வேற. வந்து நிண்ட சோடி நல்ல ஆக்கள்தான், நாடு திரும்பினாப் பிறகு மெசேஜ் குறைஞ்சு போச்சு, அதில கோவிக்க ஒண்டும் இல்ல. வெளிநாட்டு வழி ஒரு கால் இல்லாத நாய், கண் தெரியாத நாய், இஞ்ச ஆரும் எடுக்க வராத நாய், அதுகளுக்கு வச்சிரிக்க வேண்டிய வழி எண்டு நினைக்கிறன். அந்தக் காசில இஞ்ச எத்தினை பொட்டைக்கு ஒப்பரேசன் செய்யலாம் எண்டு கணக்குப் பாத்தா மனம் கேக்குதில்ல.

இனி உள்ளூர் வீடு. ரெண்டு வீடு கையில இரிக்கு, முடிவு உண்மையில இந்த ரெண்டுக்கும் நடுவிலதான்.

ஒண்டு நாவற்குடாவில ஒரு குடும்பம். சுத்திவர மதில், நல்ல கேற், தாயும் தகப்பனும் வேலைக்குப் போறாக்கள், ரெண்டு பிள்ளையள், சின்னவனுக்கு நாலு வயசு. பிள்ளையளுக்கு ஆசை எண்டு கேட்டாங்க, ஆசை கண்ணிலயே தெரியுது. வீடு எண்டு பாத்தா இதுதான் வசதி. ஆனா காலம ஏழு மணிக்குப் போனா பின்னேரம் நாலு மணி வரைக்கும் அந்த வீட்டில ஆரும் இல்ல, அதுக்குப் பிறகு ரியூசன். பெரிய வளவு இரிக்கிற நாய் தனிமையில இல்ல எண்டு அர்த்தம் இல்ல, ரோசி ஆளத் தேடுற நாய், கேற்றடியில மூக்க வச்சுக்கொண்டு பகல் முழுக்கக் கிடப்பாள். அதோட நாலு வயசுப் பிள்ளை. ரோசி கடிக்க மாட்டாள் எண்டு நான் நம்புறன், ஆனா நித்திரை கொள்ளுற நாயிட மேல ஏறி விழுந்தா எந்த நாயும் திடுக்கிட்டு வாய வைக்கலாம், சின்னப் பிள்ளையையும் நாயையும் பெரியாள் இல்லாம தனிய விடுறதே இல்ல எண்டு தாய் சொல்லோணும். ஊசி போட்ட நாய் கடிச்சாலும் காயத்த உடன சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போகோணும் எண்டு சொன்னன், அந்தத் தாய் அத போனில எழுதி வச்சவ, அது எனக்குப் பிடிச்சது.

மற்றது கல்லடியில ஒரு ரீச்சரம்மாவும் அவவிட புருசனும். ரெண்டு பேரும் பென்சன், பிள்ளையள் வெளிநாட்டில. வீடு சின்னன், மதில் இல்ல, கம்பி வேலி, முன்னால விறாந்தை, பின்னால கிணறும் முருங்கையும். அவங்கட பழைய நாய் வயசு போய்ச் செத்திட்டுது, அதுக்குப் பிறகு வீடு வெறிச்சோடிப் போச்சாம். ஐயாவுக்குக் குட்டியோட ஓட ஏலாது, அதனால பெரிய நாய்தான் வேணும் எண்டு அவங்களாக் கேட்டாங்க, இப்பிடிக் கேக்கிற ஆக்கள நாம லேசில காணுறதில்ல. ரீச்சரம்மா கேட்ட முதல் கேள்வி, "புள்ள, இவள் என்னத்தையும் கண்டு பயப்பிடுவாளா?". அடுத்தது, ராவில எங்க படுத்துப் பழக்கம் எண்டது. குரைக்குமா எண்டு கேக்கவே இல்ல.

இந்த வீட்டிலயும் யோசிக்க நிறைய இரிக்கு, மறைக்கக் கூடாது. ரோசிக்கு இன்னும் ஏழெட்டு வருசம், ஐயாவுக்கு எழுபது தாண்டிட்டுது. ஆராவது ஆஸ்பத்திரியில படுத்தா, இல்லாட்டி மகள் வந்து ஒரேயடியாக் கூட்டிக்கொண்டு போனா நாய் என்ன ஆகும்? இதுக்காகத்தான் வயசான ஆக்களுக்கு நாய் குடுக்கக் கூடாது எண்டு சொல்லுற ஆக்கள் இரிக்காங்க. எனக்கு அது சரியாப் படல. இளம் குடும்பமும் தான் வெளிநாடு போகுது, வாடகை வீடு மாறுது, பிள்ளைக்கு இழுப்பு வந்தா நாயத் திருப்பிக் கொண்டு வருது. ஷெல்ட்டருக்குத் திரும்பி வாற நாயள்ள வயசான ஆக்கள்ட வீட்டு நாய் எனக்குத் தெரிஞ்சு குறைவு. செய்ய வேண்டியது, ரெண்டாவது ஆள் ஒருத்தர முதல்லயே பேர் சொல்லி வைக்கிறது. கல்லடி வீட்டில பக்கத்து ஒழுங்கையில இரிக்கிற ரீச்சரம்மாட தங்கச்சிட மகன் அந்தப் பொறுப்ப எடுத்திரிக்கார், அவரையும் கூப்பிட்டு ரோசியோட உலாத்த விட்டுப் பாத்தம், அவரும் கையெழுத்து வைப்பார்.

வேலிய கொஞ்சம் கட்டோணும், பாதையால வாகனம் போற இடம். அத அவங்க செய்யத் தயார், நாமளும் ஆள் பிடிச்சுக் குடுப்பம்.

அயல் வீட்டையும் பாக்க வேணும் எண்டு நான் எப்பவும் சொல்லுவன், அது ஏனோ ஆக்கள் விட்டிருறாங்க. வாவிக்கு இஞ்சால கடல் பக்கம், நம்மட எழுவான்கரையில தமிழூரும் முஸ்லிமூரும் மாறி மாறி வரும், ஒரு வேலி தள்ளி மற்றச் சனம். முஸ்லிம் வீடுகள்ள நாயிட எச்சில் பட்டா கழுவிச் சுத்தம் செய்யோணும், தொழுகைக்குப் போற உடுப்பில பட்டா அவங்களுக்குச் சரியான சங்கடம். கடிக்கிற நாய விட, சாந்தமான நாயாலதான் இந்தச் சங்கடம் கூட வரும், ஏனெண்டா அது எல்லார்ட்டயும் வாலாட்டிக்கொண்டு போகும், கைய நக்கும். அதனால நாயக் குடுக்க முந்தி அயலாக்களோட கதைச்சு, அவிழ்த்துத் தெருவில விடமாட்டம் எண்டு சொல்லி வைக்கோணும். அப்பிடிச் சொன்னா ஆரும் முகம் சுழிச்சு நான் காணல, ஓட்டமாவடிப் பக்கம் ஒரு முஸ்லிம் அண்ணன், காக்கா எண்டு கூப்பிடுவம், வீட்டு வேலியில தானே தகரம் அடிச்சுத் தந்தவர், நாய் நல்லா இரிக்கட்டும் எண்டு. பூனைக்கும் நாய்க்கும் சோறு வைக்கிற உம்மாமார் எத்தினை பேர் இரிக்காங்க.

எந்த வீடு எண்டாலும் நான் கேக்கிற கடைசிக் கேள்வி வெள்ளம். கார்த்திகை மார்கழியில தண்ணி ஏறி பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டி வந்தா இவள என்ன செய்வீங்க? நாவற்குடா வீட்டில "அதெல்லாம் இஞ்ச வராது" எண்டாங்க. ரீச்சரம்மா 78 சூறாவளியும் கண்டவ, சுனாமியும் கண்டவ, யோசிக்காமலே "மாடியுள்ள தங்கச்சி வீட்டுக்குப் போவம், இவளும் எங்களோட வருவாள்தானே" எண்டா. பழைய நாயின்ட கழுத்துப்பட்டியும் சங்கிலியும் கதவுக்குப் பின்னால ஆணியில இன்னும் தொங்குது.

அதனால நம்மட முடிவு கல்லடி வீடு. நாவற்குடாக் குடும்பத்த நான் வேண்டாம் எண்டு தள்ளல, சின்னவன் பள்ளிக்குப் போகத் தொடங்கி, அம்மம்மா வந்து கூட இரிக்கிறா எண்டா அந்த வீட்டுக்கு ஒரு நாய் கட்டாயம் குடுக்கலாம், அத அவங்களுக்கும் சொல்லியாச்சு. பகலில ஆள் இரிக்கிற வீடு, வேலைக்கு நாய் தேடாத வீடு, ரெண்டாவது ஆள் இரிக்கிற வீடு. சாந்தமான பெரிய நாய்க்கு மதிலை விட, வளவை விட இந்த மூண்டும்தான் தேவை எண்டு நான் சொல்லுவன், உங்கட கையில வேற மாதிரி வீடு இருந்தாலும் இத வச்சுப் பாருங்க.

உடன எழுதிக் குடுக்கிறதும் இல்ல. முதல் ஒரு மாசம் வச்சுப் பாக்கட்டும், சரிவராட்டி ஒரு கேள்வியும் கேக்காம நாம எடுப்பம், இத வாயால சொல்லாம தாளில எழுதுறம், ஏனெண்டா திருப்பித் தர வெக்கப்பட்டுத்தான் சில ஆக்கள் ராவோட ராவா எங்கயாவது கொண்டுபோய் விடுறாங்க. பழகுறதுக்கு மூண்டு நாள், மூண்டு கிழமை, மூண்டு மாசம் எண்டு ஷெல்ட்டர்காரர் சொல்லுவாங்க. முதல் மூண்டு நாள் சரியாத் தின்னாம மூலையில கிடந்தாலும் கரைச்சல் குடுக்காம விட்டிரோணும், மூண்டு கிழமையில வீட்டு நேரம் பழகும், மூண்டு மாசத்தில தன்ட வீடு எண்டு நினைக்கும். அந்த முதல் நாளுகள்ள குளிக்க வார்க்கக் கூடாது, சொந்தக்காரர எல்லாம் கூப்பிட்டுக் காட்டக் கூடாது, கேற் திறக்கக்குள்ள கட்டி வைக்கோணும், தொலைஞ்சு போற நாய் எல்லாம் அந்தக் கிழமையிலதான் தொலையுது.

தீபாவளிக்கு முந்திக் குடுக்கிறதா பிந்திக் குடுக்கிறதா எண்டதுதான் இன்னும் கதை. நான் பிந்தி எண்டுறன், வெடிச் சத்தத்தில புது வீட்டுக்குப் போன நாய் வேலி பாஞ்சிரும். அதுவரைக்கும் ரீச்சரம்மா பின்னேரத்தில ஷெல்ட்டருக்கு வந்து போவா, ஐயா தன்ட பழைய சாரம் ஒண்டு குடுத்துவிட்டிரிக்கார், ரோசிட சாக்குக்கு மேல விரிச்சிரிக்கம், மணம் பழகட்டும். சோறும் அவிச்ச மீனும் உப்பு உறைப்பு இல்லாம, வெங்காயம் போடாம எப்பிடி வைக்கிறது எண்டு எழுதிக் குடுத்தாச்சு, ஊசிக் கார்டில அடுத்த வருசம் போட வேண்டிய திகதியையும் சிவப்பில வட்டம் போட்டிரிக்கு. பதிவையும் மாநகர சபையில செய்யச் சொல்லியிரிக்கம், நாய் வளர்த்தா பதியோணும் எண்டு 1901 லயே சட்டம் போட்டது. தங்கச்சிட மகன்ட நம்பர் நம்மட புத்தகத்தில முதல் பக்கத்தில இரிக்கு.

கடுவனப் பாக்க வயல் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வாறாராம், அத மறுகா எழுதுறன்.